முப்பது எந்த மூலையில்

ஐம்பத்தேழு வயதில் என்னை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எண்ணூர் பக்கத்து யார்டுகளில் முப்பத்தைந்து வருஷமாகப் பாரம் தூக்குகிறவன் நான். தூக்குவது கிரேன்தான். ஆனால் பாரத்தின் மேலிருக்கும் வளையக் காதுகளில் சிலிங் கயிற்றை மாட்டி, அதைக் கிரேன் கொக்கியில் கோர்த்து, "தூக்கு" என்று கைகாட்டுவது நான். இந்த வேலைக்கு ரிக்கர் என்று பெயர். போன மாதம் ஒரு புது உத்தரவு வந்தது. கார்டு இல்லாத ரிக்கர் இனிமேல் கேட்டைத் தாண்டக் கூடாதாம். கார்டு வேண்டுமென்றால் இரண்டு நாள் வகுப்பு, முடிவில் பரீட்சை. இத்தனை வருஷத்தில் என் கொக்கியிலிருந்து ஒரு போல்ட்டு கூடக் கீழே விழுந்ததில்லை, எனக்கு எதற்குக் கார்டு என்று மேனேஜரிடம் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து, என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முந்தைய நாள் ரிசப்ஷன் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. நாற்பது பேர் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி நீள மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பாடம் எடுக்க வந்தவள் ஷெர்லின் என்று ஒரு பெண், இன்ஜினியர். என் மகளைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அவளுடைய அப்பாவுக்கு ராயபுரத்தில் அரிசிக் கடை, பூர்வீகம் நாசரேத் பக்கம் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் "அங்கிள், முன்னாடி வந்து உட்காருங்க" என்றாள். நான் யாருக்கும் அங்கிள் இல்லை. கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"ரெண்டு சிலிங், ஒரு பாரம். மூணும் சேர்ந்தா முக்கோணம். அதனால மொதல்ல முக்கோணத்தைப் பார்த்துடலாம்" என்று போர்டில் வரைய ஆரம்பித்தாள். மூன்று பக்கமும் சமம் என்றால் சமபக்க முக்கோணம், மூன்று கோணமும் அறுபது. இரண்டு பக்கம் மட்டும் சமம் என்றால் இருசமபக்க முக்கோணம், அந்த இரண்டு பக்கங்களின் அடியில் உள்ள கோணங்களும் சமம். எதுவுமே சமமில்லை என்றால் அசமபக்க முக்கோணம், அப்படிச் சிலிங் போட்டால் பாரம் ஒரு பக்கம் சாயும். ஒரு கோணம் தொண்ணூறு என்றால் செங்கோண முக்கோணம், தொண்ணூறைத் தாண்டினால் விரிகோண முக்கோணம். எப்படிப்பட்ட முக்கோணமாக இருந்தாலும் மூன்று கோணத்தையும் கூட்டினால் நூற்றியெண்பது. பக்கத்தில் இருந்த பொன்ராஜ் வாய் நிறையக் கொட்டாவி விட்டான். எனக்குக் கொட்டாவி வரவில்லை. இதையெல்லாம் நானும் பீம்ராவும் ஒரே ஜாமெட்ரி பாக்ஸை வைத்துப் படித்தோம். அந்தப் பீம்ராவோடு நான் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

வியாசர்பாடியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சந்து. எங்கள் கதவைத் திறந்தால் அவர்கள் கதவில் இடிக்கும். ஒன்பதாவது போனபோது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பாக்ஸ்தான் வாங்க முடிந்தது. காம்பஸ் அவனிடம், பாகைமானி என்னிடம். ஒருத்தன் வராவிட்டால் இன்னொருத்தனால் ஒரு முக்கோணம்கூடப் போட முடியாது. டெஸ்ட் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் அவன் காம்பஸைக் காலால் தள்ளுவான், நான் பாகைமானியைத் தள்ளுவேன். காப்பியடிக்கிறோம் என்று கணக்கு வாத்தியார் இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினார். வெளியே நின்றும் விட்டோமா என்ன? கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தோம். மாதா கோயில் முகடு எத்தனை டிகிரி, சைக்கிள் பாரும் ஹேண்டில்பாரும் சேரும் இடம் எத்தனை, சமோசாவின் நுனி எத்தனை. அவன் கண்ணால் பார்த்துச் சொல்வான், நான் பாகைமானியை வைத்துச் சரிபார்ப்பேன். ஒரு டிகிரி, இரண்டு டிகிரிதான் தப்பும். சமோசா மட்டும் அளந்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அவனுடைய அப்பா கன்னியப்பன் மாமா துறைமுகத்தில் கலாசி, கப்பல் சரக்கை இறக்குகிற வேலை. என் அப்பா குடித்துவிட்டு எங்கேயாவது கிடக்கிற நாட்களில் எனக்கும் அந்த வீட்டில்தான் சோறு. தட்டைப் போடும்போது மாமா கணக்குப் பார்க்கவே மாட்டார், பீம்ராவுக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஒருத்தனை முன்னாலும் ஒருத்தனைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு ராயபுரம் கடற்கரைக்கு மிதிப்பார். நாங்கள் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், கப்பலிலிருந்து இறக்கிய மரக்கட்டைகளின் மேல் நின்றவர் கால் வழுக்கி விழுந்தார். அன்று சாயங்காலமே போய்விட்டார். பாடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பீம்ராவ் அழுதான், மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

படிப்பு முடிந்து இருவரும் ஒரே கேங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். காலையில் எண்ணூர் ரயில், மத்தியானம் கிரேன் நிழலில் சாப்பாடு. அவன் கொண்டுவரும் கருவாட்டுத் தொக்குக்காகவே நான் வெறும் சோறு கட்டிக்கொண்டு போவேன். கடல் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்து தட்டில் விழும், அதையும் சேர்த்துத் தின்போம். கேங்கில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. பாரத்தின் இரண்டு காதுகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, சிலிங்கும் அதே நீளம். அப்படிப் போட்டால் கொக்கியில் அறுபது டிகிரி. "அறுபது வெச்சாச்சு" என்றால் தூக்கலாம் என்று அர்த்தம். சிலிங் குட்டையாகிப்போய் அகலமாக விரிந்தால் அதற்கு எண் எதுவும் கிடையாது. "விரிஞ்சு கீது, மாத்து" என்பதோடு சரி. வருஷக்கணக்காக அறுபதைத் தவிர வேறு எண்ணை யாரும் வாயால் சொன்னதே இல்லை.

பீம்ராவ் சும்மா இருக்கவில்லை. சாயங்காலக் கல்லூரியில் சேர்ந்து டிப்ளமோ முடித்தான். நான் கேங்குக்குத் தலைவன் ஆனேன். அவன் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான், அதை மறைப்பானேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு காலை. பதினாலு டன் டாங்க் ஒன்றைத் தூக்கிப் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் வைக்க வேண்டும். வழக்கமான சிலிங்குகளை வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருந்தவை நீளமானவை, காது தூரத்தைப் போல இரண்டு மடங்கு. நீளம் கூடினால் கொக்கியில் கோணம் குறுகும், முப்பது வரும். சிலிங்குகள் கிட்டத்தட்ட நேராகத் தொங்கும், இழுப்பும் குறைவு. எனக்குப் பரம திருப்தி. பீம்ராவ் பம்ப் ஹவுஸுக்கு அந்தப் பக்கம் சாரத்தின் மேல் டாங்கை வாங்கி வைக்கக் காத்திருந்தான். இங்கே நடப்பது அவனுக்குத் தெரியாது. கையில் வாக்கி டாக்கி மட்டும்தான்.

"முப்பது வெச்சிகீறேன் பீமா, வருது பாரு" என்றேன்.

"இன்னா, முப்பதா? டேய், முப்பதுன்னா தூக்கவே கூடாதுடா! ஸ்டாப்! ஸ்டாப்!"

யார் ஸ்டாப் என்று சொன்னாலும் கிரேன் நின்றாக வேண்டும், அது யார்டு சட்டம். நின்றது. டாங்க் ஆள் உயரத்தில் தொங்கியது. வெள்ளை ஹெல்மெட் போட்ட பெரிய மனிதர்கள் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முப்பதுதான்டா சூப்பரு. ஒனக்கு இன்னா தெரியும்?"

"புக்குல போட்டுகீதுடா. சிலிங் அறுந்துடும். மொதல்ல நீ அங்கேர்ந்து நவுந்து வா, கிருஷ்ணா!"

புத்தகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மண்டைக்குள் என்னவோ ஏறியது. பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினேன். "உங்கப்பன் பயந்து நடுங்கித்தான விழுந்து செத்தான்? அந்த ரத்தந்தான ஒனக்கும்? பயமாகீதுன்னா வூட்டுக்குப் போடா!"

எங்கள் இரண்டு பேரைத் தவிர யார்டில் அன்றைக்கு வாக்கி டாக்கி வைத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. நான் கைகாட்டினேன், டாங்க் ஏறியது, பூப்போல இறங்கியது. வெள்ளை ஹெல்மெட்டுகள் கைதட்டின. அன்று மத்தியானத்திலிருந்து பீம்ராவுக்கு "முப்பது" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னா முப்பது, சாப்ட்டியா?" என்பார்கள். நாலாவது நாள் அவன் வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. பாரம் ஒழுங்காக ஏறியதா இல்லையா? அப்படியானால் நான்தானே சரி? கொஞ்சம் கத்திப் பேசிவிட்டேன், அவ்வளவுதானே? இப்படியே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் திருவொற்றியூருக்குக் குடிவந்தேன். ஒரு தடவை ராயபுரம் ஸ்டேஷனில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். ரயில் வந்ததும் ஆளுக்கொரு பெட்டியில் ஏறிக்கொண்டோம். அவன் தலையில் அதற்குள் நரை விழுந்திருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஷெர்லின் அடுத்த படத்தைப் போட்டிருந்தாள். "இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. முப்பது டிகிரின்னா தூக்கவே கூடாது" என்றாள்.

அதே வார்த்தை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "மேடம், முப்பதுதான் நல்ல கோணம். பதினாலு டன்னு தூக்கிகீறேன் நானு, முப்பது வெச்சி. ஒண்ணும் ஆவல."

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மார்க்கரை நீட்டி, "அங்கிள், உங்க முப்பது எங்க இருக்கு? வந்து கைய வைங்க" என்றாள்.

போனேன். இரண்டு சிலிங்கும் சேருகிற மேல் முனையில், கொக்கியில், விரலை வைத்தேன். அவள் விரலைக் கீழே வைத்தாள், சிலிங் பாரத்தைத் தொடுகிற மூலையில். "என் முப்பது இங்க" என்றாள்.

பிறகு பக்கத்தில் இரண்டு முக்கோணம் வரைந்தாள். இரண்டும் இருசமபக்கம்தான், ஏனென்றால் சிலிங்குகள் ஒரே நீளம். மேலே முப்பது என்றால் நூற்றியெண்பதில் மிச்சம் நூற்றைம்பது, அதில் பாதி எழுபத்தைந்து. கீழே இரண்டு மூலையிலும் எழுபத்தைந்து, ஒல்லியாக உயரமான முக்கோணம், பத்து டன்னுக்கு ஒரு சிலிங்கில் ஐந்து டன்னும் கொஞ்சமும்தான் இழுக்கும். கீழே முப்பது முப்பது என்றால் அறுபது போய் மேலே நூற்றிருபது. படுத்துக்கிடக்கிற விரிகோண முக்கோணம், ஒவ்வொரு சிலிங்கும் தனித்தனியாக முழுப் பத்து டன்னையும் இழுக்க வேண்டும்.

"நீங்க சொன்னதும் சரி, புத்தகம் சொல்றதும் சரி. எந்த மூலைன்னு கேட்டுக்கணும், அவ்வளவுதான். அறுபதுல மட்டும் இந்தப் பிரச்சினை வராது, மூணு மூலையும் ஒண்ணுதான்" என்றாள்.

போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். தினமும் அறுபது வைத்துக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் யாரையும் எந்த மூலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவையாக வேறு எண்ணைச் சொன்ன அன்றைக்கு, நான் கொக்கியைச் சொன்னேன், அவன் பாரத்தைக் கேட்டான். அவன் கேட்ட முப்பது உண்மையாக இருந்திருந்தால் சிலிங் அறுந்திருக்கும். டாங்குக்குப் பக்கத்தில் நின்றவன் நான். "நீ நவுந்து வா கிருஷ்ணா" என்றுதான் அவன் கத்தினான். என் உயிருக்காகக் கத்தினவனை நான் பயந்தாங்கொள்ளி ஆக்கினேன். மறுநாள் பரீட்சையில் பாஸாகிக் கார்டு வாங்கினேன், அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்று மாடி ஏறி அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் மனைவி எழில்மொழிதான் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். பீம்ராவ் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கொடுங்கையூர் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான், பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

"பீமா, அன்னிக்கு நீ சொன்னதும் கரெக்டுடா" என்று ஆரம்பித்தேன். உட்காரக்கூட இல்லை. அவன் பேப்பரின் ஓரத்திலேயே பேனாவால் இரண்டு முக்கோணம் போட்டேன், மேலே ஒரு முப்பது, கீழே ஒரு முப்பது. வகுப்பில் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவன் முழுசும் கேட்டான்.

"தெரியும்" என்றான்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே. ஸ்டேஷன்ல குந்திகினு படம் போட்டுப் பார்த்தேன். நீ கொக்கிய சொல்லிகீற, நான் கீழ் மூலைய சொல்லிகீறேன். ரெண்டு பேரும் கரெக்டுன்னு புரிஞ்சிபோச்சி. எனக்கு சிரிப்பே வந்துட்ச்சி."

"அப்பால ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அடுத்த நாளு, உன் வூட்டு வாசல் வரிக்கும்." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "கோவத்துல இன்னாவோ சொல்லிட்ட, போவட்டும், நம்ம கிருஷ்ணப்பன்தானன்னு வந்தேன். கதவு தட்டப் போறேன், உள்ள நீ உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிகினு இருக்க. எங்கப்பன் எப்பிடி நடுங்கிகினு விழுந்தாருன்னு நடிச்சிக் காட்ற. அது சிரிக்கிது, நீயும் சிரிக்கிற. கோவத்துல சொன்னது கோவத்தோட போய்டும் மாமு. சிரிச்சிகினு சொன்னது எங்க போவும்?"

எனக்கு அது ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. யார்டில் கத்தியது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. வீட்டில் சிரித்தது சுத்தமாக இல்லை. யாருடைய தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேனோ அவர் செத்ததை நடித்துக்காட்டிச் சிரித்திருக்கிறேன், அது என் மனசில் தங்கக்கூட இல்லை. நான் என்ன ஜென்மம்?

"எனக்கு ஞாபகமே இல்லடா" என்றேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

"தெரியும்" என்றான் பீம்ராவ். "ஞாபகம் இருந்திருந்தா நீ எப்பயோ வந்திருப்ப."

நான் உடைந்துபோனேன். கோணத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். கோணத்தை அவன் என்றைக்கோ மன்னித்துவிட்டான். ஞாபகம் இருந்தால் இவன் வந்திருப்பான் என்று, இந்த இருபத்திரண்டு வருஷமும் என்னைப் பற்றி என்னைவிட நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எழில்மொழி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடவில்லை, அவளையும் அங்கேயே நிற்கச் சொன்னேன்.

போனை எடுத்தேன். எங்கள் பழைய கேங்குக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்றைக்கு வாக்கி டாக்கியில் கேட்ட பன்னிரண்டு பேரில் இப்போது ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஏழு பேரும் அதில் உண்டு. குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

"நான் கிருஷ்ணப்பன் பேசறேன். டாங்க் தூக்கன அன்னிக்கு பீம்ராவ் நிறுத்தனது கரெக்டு. என் உயிர காப்பாத்தத்தான் நிறுத்தனான். அவங்கப்பாவ பத்தி நான் சொன்னது பொய்யி. அவரு பயந்து சாவல. கால் வழுக்கித்தான் விழுந்தாரு. இனிமே எவனாச்சும் இவன முப்பதுன்னு கூப்ட்டா..."

பீம்ராவ் என் கையைப் பிடித்தான். நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"அவங்கப்பான்னா யாருக்குத் தெரியும்?" என்றான். "பேர சொல்லு."

அந்தப் பதிவை அழித்துவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கன்னியப்பன் மாமா என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.